நெல்லையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எந்த வழி?

கேள்வி இது: பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பாவும் அம்மாவும், இருவருக்கும் அறுபதுக்கு மேல், முதன்முறையாக சான் பிரான்சிஸ்கோவில் மகன் வீட்டுக்குப் போகிறார்கள். எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும், துபாய் வழி நல்லதா சிங்கப்பூர் வழி நல்லதா, திருவனந்தபுரத்தில் ஏறுவதா தூத்துக்குடியில் ஏறிச் சென்னை போவதா?

முதலில் சுருக்கமான விடை. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வான்தூரம் சுமார் 14,510 கி.மீ. அந்த வழியில் நேர் விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் சுமார் 15,990 கி.மீ., சிங்கப்பூர் வழியாகப் போனால் சுமார் 16,690 கி.மீ. எந்த வழியில் போனாலும் ஆகாயத்தில் இருப்பது ஏறத்தாழ 20 மணி நேரம். ஆனால் பாளையங்கோட்டையில் வீட்டைப் பூட்டுவதிலிருந்து அங்கே பெட்டியோடு வெளியே வரும்வரை 30 மணி நேரத்துக்குக் குறையாது. அந்த மிச்சப் பத்து மணி நேரத்தைச் சரியாகத் திட்டமிடுவதுதான் உங்கள் வேலை. 700 கி.மீ. கூடுதலா குறைவா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தூரத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கைப்பேசியில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். திருவனந்தபுரம் 8.48 டிகிரி வட அட்சம், 76.92 டிகிரி கிழக்குத் தீர்க்கம். சான் பிரான்சிஸ்கோ 37.62 வட அட்சம், 122.38 மேற்குத் தீர்க்கம். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. ஆகவே தீர்க்கங்களைக் கூட்ட வேண்டும்: 199.30. இது 180-ஐத் தாண்டுவதால் 360-இலிருந்து கழித்தால் 160.70. பலர் இந்த இடத்தில் 122-இலிருந்து 77-ஐக் கழித்துவிட்டு 45 டிகிரி என்று வைத்துக்கொள்கிறார்கள்; அதன்பின் வரும் எண் எதற்கும் உதவாது.

இனி, இரண்டு அட்சங்களின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.0900. பிறகு இரண்டு அட்சங்களின் கொசைன்களையும் 160.70-இன் கொசைனையும் பெருக்குங்கள்: மைனஸ் 0.7394. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.6494. இதற்குத் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) போட்டால் 130.5 டிகிரி. பூமியின் பரப்பில் ஒரு டிகிரி 111.2 கி.மீ.; பெருக்கினால் 14,510 வந்துவிடும். கால்குலேட்டர் ரேடியன் முறையில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும், டிகிரி முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பூமி முழு உருண்டை இல்லை என்பதால் அரை சதவீதம்வரை முன்பின் இருக்கலாம். பயணத் திட்டத்துக்கு அது ஒரு பொருட்டில்லை.

இணையத்தில் தூரம் பார்ப்பவர்கள் இன்னொரு இடத்திலும் தடுமாறுகிறார்கள். துபாய்–சான் பிரான்சிஸ்கோ 13,040 கி.மீ. அதே தூரம் தரை மைலில் 8,103, கடல் மைலில் 7,041. மூன்றும் சரி. 8,103-ஐக் கிலோமீட்டர் என்று எண்ணி 900-ஆல் வகுத்து ‘ஒன்பது மணி நேரப் பயணம்தானே’ என்று வீட்டில் சொல்லிவிட்டால், பிறகு விமானத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாதான் பாவம்.

அந்த 14,510 கி.மீ. வழி எங்கெல்லாம் போகிறது தெரியுமா? சுவரில் மாட்டிய உலகப்படத்தைப் பார்த்தால் மேற்கே அரபிக்கடல், ஐரோப்பா, அட்லாண்டிக் என்றோ கிழக்கே பசிபிக் என்றோ தோன்றும். உண்மையான குறுக்குவழி திருவனந்தபுரத்திலிருந்து கிட்டத்தட்ட வடக்கே, 20 டிகிரி மட்டும் கிழக்கே சாய்ந்து கிளம்புகிறது. நேபாளம், திபெத், மேற்கு மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, 70 டிகிரி வட அட்சத்தைத் தொட்டு, அலாஸ்காவுக்குள் இறங்கி, வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி சான் பிரான்சிஸ்கோ சேர்கிறது. உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இது கண்ணுக்குத் தெரியும்.

இந்த வழியில் பறப்பதற்கு மூன்று தடைகள் உண்டு. முதலாவது திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம். அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பீடபூமியைச் சுற்றித்தான் போகின்றன. இரண்டாவது, நாடுகளின் வான்வெளி அனுமதி: 2022 முதல் அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி இல்லை; 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. மூன்றாவது, இத்தனை தூரம் நிற்காமல் பறக்கும் விமானத்தை நிரப்பும் அளவுக்குத் தெற்குக் கோடியில் கூட்டம் கிடையாது. பக்கத்தில் நடந்த ஒரு முயற்சியைச் சொல்லலாம்: 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, ஏறத்தாழ 14,000 கி.மீ., நிற்காமல் ஒரு போயிங் 777-ஐ வட துருவத்தின் மேலாக ஓட்டி வந்தது. விமானி அறையில் இருந்தவர்கள் முழுக்கப் பெண்கள்.

துபாய் வழியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. துபாய்க்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் தீர்க்க வித்தியாசம் 177.7 டிகிரி, அதாவது தீர்க்கக் கணக்கில் ஒன்று பூமியின் இந்தப் பக்கம் என்றால் மற்றது ஏறத்தாழ மறுபக்கம். ஆகவே குறுக்குவழி வட துருவத்துக்கு ஏறத்தாழ 200 கி.மீ. பக்கத்தில் போகும். இப்படிப்பட்ட ஊர்களுக்குப் பெரிய கணக்கே வேண்டாம்: 180-இலிருந்து இரண்டு அட்சங்களையும் கழியுங்கள் (180 – 25.3 – 37.6 = 117.1), 111.2-ஆல் பெருக்குங்கள். 13,020 சொச்சம் வரும், அவ்வளவுதான். அன்றன்றைக்குக் காற்றையும் வான்வெளி அனுமதியையும் பார்த்து உண்மையான பாதை இதிலிருந்து விலகும்.

இனி நேரம். கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். விமானம் மேலே 900 கி.மீ. வேகத்தில் பறந்தாலும், ஏறவும் இறங்கவும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் ஆகும் நேரம் இதில் அடங்கிவிடும். திருவனந்தபுரம்–துபாய் சுமார் 2,945 கி.மீ.; வகுத்துக் கூட்டினால் 4 மணி நேரம். துபாய்–சான் பிரான்சிஸ்கோ 13,040 கி.மீ.; ஏறத்தாழ 15 மணி 50 நிமிடம். திருவனந்தபுரம்–சிங்கப்பூர் 3,100 கி.மீ.; நாலேகால் மணி நேரம். சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ 13,590 கி.மீ.; கணக்குப்படி பதினாறரை.

கடைசி எண்ணில் மட்டும் காற்று விளையாடும். வட பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் மேல்காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போகும். சிங்கப்பூரிலிருந்து போகும்போது அது முதுகில் தள்ளுவதால் பதினைந்து மணி நேரத்திலேயே, சில நாள் அதற்கும் குறைவாகவே இறங்கிவிடுவார்கள். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். பதினேழு வரை இழுக்கும். துபாய் வழியில் பாதை பெரும்பாலும் வடக்கு–தெற்காக இருப்பதால் போக வர இந்த அளவுக்கு வித்தியாசம் வராது. எனவே போகும்போது சிங்கப்பூர் வழியும் துபாய் வழியும் நேரத்தில் ஏறத்தாழ சமம், கி.மீ. கூடுதலாக இருந்தும். திரும்பி வரத் துபாய் மேல்.

டிக்கெட்டில் இருப்பது எல்லாம் அந்தந்த ஊர் நேரம். அதைக் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்க முயன்றால் குழம்பிப் போவீர்கள். நான் சொல்லும் முறை: எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், தோஹா இரண்டரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். சான் பிரான்சிஸ்கோ கோடையில் பன்னிரண்டரை மணி பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை.

கணக்குக்காக ஒரு கோடைக்கால நேர அட்டவணையை வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் வெள்ளிக்கிழமை அதிகாலை 4.30-க்குக் கிளம்பி, துபாயில் அவர்கள் நேரம் காலை 7 மணிக்கு இறங்குகிறார்கள். நமக்கு அப்போது 8.30. அங்கிருந்து 8.50-க்கு, அதாவது நம் நேரம் 10.20-க்கு அடுத்த விமானம். 16 மணி நேரம் கூட்டினால் நம் நேரம் சனிக்கிழமை அதிகாலை 2.20. அதில் பன்னிரண்டரை மணி கழித்தால் சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.50. டிக்கெட்டைப் பார்த்தால் ‘காலையில் கிளம்பி மதியம் சேர்கிறார்கள்’ என்று தோன்றும். உண்மையில் 21 மணி 50 நிமிடம். திரும்பும்போது நேர்மாறு: அங்கே வெள்ளி பிற்பகல் 3.45-க்கு ஏறினால் சனி மாலை துபாய், இரவு அடுத்த விமானம், ஞாயிறு அதிகாலை 3 மணிவாக்கில் திருவனந்தபுரம். திங்கட்கிழமை ஊரில் காதுகுத்து என்று வைத்துக்கொண்டு சனிக்கிழமை அங்கே கிளம்பினால், விசேஷத்தன்று விடியற்காலையில்தான் வந்து இறங்குவார்கள்.

சிங்கப்பூர் வழியில் போகும்போது தேதிக் கோட்டைத் தாண்டுவதால், குளிர்காலத்தில் காலை 9.15-க்கு ஏறியவர்கள் பதினைந்து மணி நேரம் பறந்து அதே தேதி காலை 8.15-க்கு இறங்குவார்கள். டிக்கெட்டில் அச்சுப்பிழை இல்லை.

அதிகாலை விமானத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இதில் விழுபவர்கள்தான் அதிகம். ‘15-ஆம் தேதி 4.30’ என்றால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி இரவு. 15-ஆம் தேதி இரவு பெட்டி கட்டிக்கொண்டு போய் நின்று, விமானம் போய் ஒரு நாளாகிவிட்டது என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. காரைப் பதிவு செய்யும்போது டிரைவரிடம் கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எந்த விமான நிலையம் என்பதற்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறத்தாழ 150 கி.மீ. நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வரை நாலுவழிச் சாலை, வண்டி பறக்கும். நாகர்கோவில் தாண்டினால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று வீடும் கடையுமாக ஒட்டிக்கொண்டே வரும்; அந்த 70 கி.மீ.க்குப் பகலில் இரண்டரை மணி நேரம் கூட ஆகலாம். இரவில் மொத்தமாக மூன்றரை, பகலில் நான்கரை என்று வையுங்கள். நம் ஊர் வாடகை வண்டி கேரளாவுக்குள் போகப் பெர்மிட் எடுத்தாக வேண்டும். எடுத்தாயிற்றா என்று முந்தின நாளே கேளுங்கள், நள்ளிரவில் களியக்காவிளையில் அல்ல.

அங்கே இரண்டு முனையங்கள், இரண்டும் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில். உள்நாட்டு முனையம் கடற்கரைப் பக்கம், சங்குமுகத்தில். வெளிநாட்டு முனையம் புறவழிச்சாலைப் பக்கம், சாக்கையில். மேப்பில் வெறுமனே விமான நிலையம் என்று போட்டால் எந்தப் பக்கம் கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. டெர்மினல் 2 என்று போடுங்கள்.

வேறெந்த ஊரிலும் இல்லாத ஒரு விஷயமும் உண்டு. பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆண்டுக்கு இருமுறை, அன்று மாலை சுமார் ஐந்து மணி நேரம் விமானப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அட்டவணை முன்பே மாற்றப்பட்டிருக்கும்; ஆனால் ஆறு மாதம் முன்னால் டிக்கெட் எடுத்தவர்கள் அந்த மாற்றக் குறுஞ்செய்தியைப் பார்க்காமல் விடுவதுதான் சிக்கல். மார்ச்–ஏப்ரலிலோ அக்டோபர்–நவம்பரிலோ மாலை விமானம் என்றால் ஒருமுறை சரிபாருங்கள்.

வாகைக்குளம், அதாவது தூத்துக்குடி விமான நிலையம், திருநெல்வேலிக்கு மிக அருகில். முக்கால் மணி நேரம் போதும். 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள், ஓடுபாதையும் 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. பெரிய விமானம் இறங்கும் நீளம்தான். ஆனால் இங்கிருந்து வெளிநாட்டுக்கு நேரே போக முடியாது; சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் மாற வேண்டும். சென்னைக்கு வான்தூரம் 530 கி.மீ., ஏ.டி.ஆர். என்ற சிறிய விசிறி விமானத்தில் ஒன்றரை மணி நேரம். சென்னையிலிருந்து துபாய் 2,930 கி.மீ., சிங்கப்பூரும் ஏறத்தாழ அதே 2,930. ஆக, சென்னை போவதால் துபாய் வழியில் நீங்கள் மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை; திருவனந்தபுரத்திலிருந்தும் அதே தூரம்தான்.

சென்னை வழியில் பெட்டி எடைதான் உதைக்கும். அமெரிக்காவுக்கு ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி தரும் நிறுவனங்களே அதிகம். உள்நாட்டு டிக்கெட் தனியாக எடுத்தால் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. 46 கிலோவோடு வாகைக்குளத்தில் போய் நின்றால் மிச்சம் 31 கிலோவுக்குக் கிலோக் கணக்கில் பணம். அதோடு, இரண்டு டிக்கெட் தனித்தனி என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து வெளிநாட்டு முனையத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் மறுபடி போட வேண்டும். மதுரைப் பக்கம் மழையென்று ஏ.டி.ஆர். இரண்டு மணி நேரம் தாமதமானால் அடுத்த விமானம் காத்திருக்காது, பணமும் திரும்பாது. தனி டிக்கெட்டுகளுக்கு நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். ஒரே பி.என்.ஆரில் வாகைக்குளம் முதல் சான் பிரான்சிஸ்கோ வரை கிடைத்தால் இந்தப் பேச்சே இல்லை. பெட்டி எடையும் பொறுப்பும் நிறுவனத்துக்குப் போய்விடும்.

சென்னைதான் என்று முடிவானால் ரயிலை நான் மேலாக நினைப்பேன். திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. காலையில் ஏறினால் சுமார் எட்டு மணி நேரத்தில் சென்னை. தாம்பரத்தில் இறங்கினால் மீனம்பாக்கம் பக்கம்தான். நள்ளிரவு விமானத்துக்கு நன்றாகப் பொருந்தும், எடைத் தொல்லையும் இல்லை. மதுரையைப் பொறுத்தவரை துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் விமானம் இருக்கிறது. ஆனால் அமெரிக்கா வரை ஒரே டிக்கெட்டாக அமைந்தால் ஒழிய பயனில்லை.

கனெக்‌ஷன் நேரம் எவ்வளவு வேண்டும்? மேலே காட்டிய 1 மணி 50 நிமிடம் விமான நிறுவன விதிப்படி போதும். முதல்முறை போகும் பெரியவர்களுக்குப் போதாது. துபாயில் இறங்கியதும் மீண்டும் பாதுகாப்புச் சோதனை, சில சமயம் ரயிலில் வேறு கட்டடம், அமெரிக்க விமானத்துக்குக் கூடுதல் சோதனை, கதவு கிளம்பும் நேரத்துக்கு முன்னாலேயே அடைப்பு. இரண்டரை முதல் நான்கு மணி நேரம்தான் சரி. எட்டு மணி நேரம் கிடப்பது முதுகுக்குக் கேடு. இருவருக்கும் வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கும் கிடைக்கும். வழி தெரிந்த ஒருவர் கூடவே வருவார் என்பதுதான் அதன் பெரிய லாபம். சோதனை வளையத்துக்குள்ளேயே மாறுவதால் துபாய், தோஹா, சிங்கப்பூர் மூன்றிலும் விசா வேண்டியதில்லை.

நியூயார்க் வழி, சிகாகோ வழி என்று பத்தாயிரம் ரூபாய் குறைவாகக் காட்டும் டிக்கெட்டுகளை இவர்களுக்கு எடுக்க வேண்டாம். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டும். முதல் இறக்கமே சான் பிரான்சிஸ்கோவாக இருந்தால் வெளியே மகன் நிற்பார்.

வளைகுடா வழிக்கு ஒரே பலவீனம் அரசியல். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியதும் நடுவழியில் இருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின. அப்படி ஒரு பதற்றம் செய்தியில் ஓடிக்கொண்டிருந்தால் சிங்கப்பூர் வழியை எடுங்கள், 700 கி.மீ. கூடுதலைப் பார்க்க வேண்டாம். மற்ற காலங்களில், இந்த இருவருக்கு, திருவனந்தபுரத்தில் ஏறி துபாயிலோ தோஹாவிலோ ஒரே முறை மாறி, ஒரே டிக்கெட்டில் போவதுதான் என் தேர்வு.

கைப்பையில் மருந்துச் சீட்டோடு இரண்டு நாள் மாத்திரை, ஒரு சட்டை. மாத்திரையை அந்த முப்பது மணி நேரமும் இந்திய நேரப்படியே போடச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் என்றால் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். இட்லிப்பொடி பெட்டிக்குள் போகட்டும்: அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மி.லி. அளவுக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தால் பிரித்துப் பார்ப்பார்கள். அல்வாவும் கூழ்மப் பொருள் கணக்கில் போகக்கூடும், அதுவும் பெட்டியிலேயே இருக்கட்டும். கொப்பரை எதிலும் வேண்டாம், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள்.

டிக்கெட் நவம்பர் முதல் வாரத்திலோ மார்ச் இரண்டாம் வாரத்திலோ இருந்தால் மட்டும் நேரத்தை இன்னொரு முறை பாருங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். துபாயிலும் இங்கேயும் அது கிடையாது. அந்த ஞாயிறையொட்டி விமானம் சேரும் நேரம் ஒரு மணி மாறித் தெரியும். அழைக்க வருகிறவருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.